சீனக்குடாவிலிருந்து எவ்வளவு தூரம்?

(திருகோணமலையில் மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கரும்பலகை ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தேன், வைத்திருக்கிறார்கள், நன்றி. விமானப் பயணத்தைப் பற்றிப் பேச வந்தவருக்குக் கரும்பலகை எதற்கு என்று முன்வரிசையில் ஒரு ஐயா பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. கணக்கு எழுதத்தான் ஐயா. பயப்படாதீர்கள், பத்தாம் வகுப்புக் கணக்குத்தான்.

சீனக்குடா விமான நிலையம் 8 பாகை 32 கலை வட அகலக்கோட்டிலும் 81 பாகை 11 கலை கிழக்கு நெடுங்கோட்டிலும் இருக்கிறது. கொழும்புக்குத் தெற்கே இரத்மலானை விமான நிலையம் 6 பாகை 49 கலை வடக்கு, 79 பாகை 53 கலை கிழக்கு. வடக்குத் தெற்காகக் கழித்துப் பாருங்கள்: 1 பாகை 43 கலை, அதாவது 103 கலை. அகலக்கோட்டில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல். மாலுமிகள் கடல் மைலை உண்டாக்கியதே அப்படித்தான். ஆகவே 103 கடல் மைல். கிழக்கு மேற்காக 78 கலை. நாம் பூமத்திய ரேகையிலிருந்து சற்று வடக்கே இருப்பதால் நெடுங்கோடுகள் இங்கே ஒரு சொட்டு நெருங்கிவிடுகின்றன. அதற்காக நூற்றில் ஒன்றைக் கழித்தால் 77 கடல் மைல். இனி பைதகரசின் தேற்றம். 103இன் வர்க்கம் 10,609, 77இன் வர்க்கம் 5,929, கூட்டினால் 16,538. வர்க்கமூலம் 128.6. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர் என்பதால், பெருக்கிப் பார்த்தால் 238 கிலோமீற்றர்.

பூமி உருண்டை, அதன் மேல் நேர்கோடு கிடையாது, பெருவட்டத்தின் வில்தான் மிகக் குறுகிய பாதை என்று படித்த பிள்ளைகள் மறுப்புச் சொல்லலாம். உண்மைதான். கொழும்பிலிருந்து லண்டனுக்குக் கணக்குப் போட்டால் இந்த முக்கோணம் நம்மை எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிடும். 238 கிலோமீற்றருக்குள் பூமியின் வளைவு அவ்வளவாகத் தலை காட்டாது.

இப்போது அந்தக் கோட்டைத் தேசப்படத்தில் இழுத்துப் பாருங்கள். வடகிழக்காகப் போகும் கோடு குருணாகலுக்குப் பக்கத்தால் போகிறது, தம்புள்ளையை உரசுகிறது, சீகிரியக் குன்றுக்கு மேலாலேயே போகிறது என்று சொல்லலாம், கந்தளாய்க்குச் சற்றுக் கிழக்கே இறங்கிச் சீனக்குடாவுக்கு வருகிறது. இந்த ஊர்ப் பெயர்களை எங்கே கேட்டிருக்கிறீர்கள்? கொழும்பு பஸ்ஸில் கண்டக்டர் கூவும் பெயர்கள்தான் இவை. ஏ-6 வீதியும் விமானத்தின் கோடும் ஒன்றின்மேல் ஒன்று படுத்திருக்கின்றன. மலைநாட்டை வலப்பக்கத்தில் விட்டுவிட்டுப் போவதால் வீதி சுற்றவேண்டியதில்லை. வீதியால் போனாலும் 270 கிலோமீற்றர் அளவுதான். வானத்தால் மிச்சமாகும் தூரம் மிகச் சொற்பம்.

ஆனால் நேரத்தைப் பாருங்கள். பஸ்ஸில் ஆறு, ஏழு மணித்தியாலம். குருணாகலில் நெரிசல், தம்புள்ளையில் தேத்தண்ணி, ஹபரணைக் காட்டில் யானை. புகையிரதம் இன்னும் மெதுவாக வரும். மாகோவில் திரும்பி, கல்ஓயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையை விட்டுப் பிரிந்து வரும் இந்தப் பாதை 1927இல் திறக்கப்பட்டது. இரவு மெயிலில் ஏறினால் விடியும்போதுதான் தம்பலகாமத்து வயல் தெரியும். யானைக்காக அந்தப் பகுதியில் வேகத்தைக் குறைத்தே ஓட்டவேண்டும் என்று இருந்தும், 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் ஒரே மோதலில் ஆறு யானைகள் செத்துப்போயின. அந்தக் காட்டுக்குள் புகையிரதம் இன்னும் வேகமாக ஓடவேண்டும் என்று கேட்க எனக்கு மனமில்லை.

விமானத்துக்கு வருவோம். 2013இல் பறக்கத் தொடங்கிய சினமன் எயார், ஒற்றை எஞ்சின் செஸ்னா கரவன் விமானங்களை இங்கே கொண்டுவந்தது. விமானப்படையின் ஹெலிடுவர்ஸும் பயணிகளை ஏற்றியிருக்கிறது. கரவன் மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீற்றர் பறக்கும் என்று வைத்துக்கொள்வோம். 238ஐ 300ஆல் வகுத்தால் 48 நிமிடம். அப்படியானால் 48 நிமிடத்தில் வந்துவிடலாமா? முடியாது. அட்டவணையில் அதைவிட அதிகமாகவே போடுவார்கள். மிச்ச நேரம் எங்கே போகிறது?

விமானக்காரர்களின் கணக்கில் பயணம் என்பது சில்லுக்கு வைத்த கட்டையை எடுத்த நேரத்திலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் திரும்பவும் கட்டையை வைக்கும் நேரம் வரை. அதைப் பிளாக் டைம் என்கிறார்கள். தரையில் ஊர்ந்து ஓடுபாதையின் முனைக்குப் போவது, அனுமதிக்குக் காத்திருப்பது, மேலே ஏறும்வரை மெதுவாகப் பறப்பது, இறங்கும் இடத்தில் காற்றுக்கு எதிர்முகமாக வருவதற்காகச் சுற்றுவது, எல்லாம் அதற்குள் அடக்கம். ஜெட் விமானமானாலும் பத்தாயிரம் அடிக்குக் கீழே மணிக்கு 250 கடல் மைலுக்கு மேல் பறக்கக் கூடாது என்பது பொதுவான விதி. குறுகிய பயணத்தில் ஏறுவதும் இறங்குவதுமாகவே பாதிப் பயணம் முடிந்துவிடும். வேகமாகப் பறக்க இடமே இராது. சென்னைக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் இடையே 354 கிலோமீற்றர். ஏ.டி.ஆர். விமானத்தின் முழு வேகத்தில் வகுத்தால் முக்கால் மணி நேரம்கூட வராது. அட்டவணையிலோ ஒன்றேகால் மணி நேரம் அளவில் போடுகிறார்கள். தூரம் எவ்வளவானாலும் அரை மணி நேரத்தை முன்கூட்டியே கழித்து வைத்துவிடுங்கள். லண்டனுக்குப் போகிறவருக்கு அந்த அரை மணி பெரிதாகத் தெரியாது. நமக்கு அதுதான் பயணத்தில் பாதி.

காற்றும் இருக்கிறது. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை கச்சான் அடிக்கும் மாதங்களில், கொழும்பிலிருந்து வரும் விமானத்துக்குக் காற்று முதுகில். திரும்பிப் போகும்போது முகத்தில். நாற்பது கிலோமீற்றர் வேகக் காற்று என்று வையுங்கள். வரும்போது 340, அதனால் 42 நிமிடம். போகும்போது 260, அதனால் 55 நிமிடம். ஒரே இரண்டு இடங்கள், ஒரே விமானம், ஒரே நாள். வித்தியாசம் 13 நிமிடம். போகும்போது இழந்தது வரும்போது கிடைத்துவிடும்தானே என்று நினைக்கவேண்டாம். இரண்டையும் கூட்டினால் 97. காற்றே இல்லாத நாளில் போய்வர 95 சொச்சம். காற்று கொடுப்பதைவிட எடுப்பதுதான் எப்போதும் கூட. எதிர்காற்றுக்குள் விமானம் அதிக நேரம் நிற்பதுதான் காரணம்.

நேரத்தின் பக்கம் நின்று பார்த்தால் நமது தீவுக்கு ஒரு விசித்திரமான பெருமை உண்டு. 1943 முதல் 1945 வரை குவாண்டாஸ் நிறுவனம் அவுஸ்திரேலியாவின் பேர்த்துக்கும் காலிப் பக்கத்துக் கொக்கலைக்கும் இடையே கட்டலீனா பறக்கும் படகுகளை ஓட்டியது. 5,600 கிலோமீற்றர் சொச்சம், நடுவில் எங்கும் இறங்காமல். எடுத்த நேரம் 27 மணியிலிருந்து 33 மணி வரை. ஒரே பயணத்தில் இரண்டு தடவை சூரியன் உதிப்பதைப் பார்த்தவர்கள் என்று பயணிகளுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். யுத்த காலம் என்பதால் வானொலியை மூடிவைத்து, நட்சத்திரத்தைப் பார்த்துத் திசை பிடித்துப் பறந்த பயணங்கள் அவை.

யுத்தம் என்றதும் நமது சீனக்குடாவும் இரத்மலானையும் ஒன்றாக வரலாற்றில் வருகிற ஒரு வாரத்தைச் சொல்லாமல் போகமுடியாது. 1942 ஏப்ரல். தளபதி நகுமோவின் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் வங்காள விரிகுடாவின் வாயிலுக்கு வந்துவிட்டன. 4ஆம் தேதி கொக்கலையிலிருந்து போன கட்டலீனா ஒன்றில் கனடாக்காரர் லெனார்ட் பேர்ச்சல் தீவுக்குத் தெற்கே அந்தக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டார். அடுத்த நாள் ஈஸ்டர் ஞாயிறு. எதிரி வருகிறான் என்பது தெரியும். எந்த நிமிடம் வருகிறான் என்பது கொழும்பில் தெரியவில்லை. ஜப்பானிய விமானங்கள் தலைக்கு மேலே வந்தபோதுதான் இரத்மலானையில் நின்ற ஹரிகேன் விமானங்கள் எழும்பத் தொடங்கின. எழும்பும் விமானத்துக்கு வேகமும் இல்லை, உயரமும் இல்லை. பல அங்கேயே முடிந்தன.

ஏப்ரல் 9ஆம் தேதி நமது முறை. இங்கே ரேடார் அவர்களைத் தூரத்திலேயே கண்டுவிட்டது. சீனக்குடாவில் நின்ற 261ஆவது ஸ்குவாட்ரன் ஹரிகேன்களுக்கு எழும்பி உயரம் பிடிக்க அவகாசம் கிடைத்தது. அதனால் வென்றோம் என்று சொல்லமாட்டேன்; இழப்பு இங்கேயும் பெரிது. விமானத் தளம், துறைமுகம், எண்ணெய்த் தாங்கிகள் எல்லாம் அடிபட்டன. ஜப்பானிய விமானம் ஒன்று தாங்கி ஒன்றில் மோதி எரிந்த கதை இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். சுற்றுலா வழிகாட்டிகள் அதை ஆளுக்கொரு மாதிரிச் சொல்லுவார்கள். நான் சொல்ல வருவது இதுதான்: நான்கு நாள் இடைவெளியில் இரண்டு விமான நிலையங்களுக்கும் ஒரே எதிரி வந்தான். வானத்தில் நின்று சண்டை பிடித்தார்களா, தரையில் நின்று அடி வாங்கினார்களா என்பதைத் தீர்மானித்தது முன்கூட்டிக் கிடைத்த சில நிமிடங்கள்.

அதே 9ஆம் தேதி இன்னொரு கணக்கும் நடந்தது. தாக்குதல் வரப்போகிறது என்று அறிந்து ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் முதல்நாள் இரவே திருகோணமலையை விட்டு வெளியேறியிருந்தது. விமானந்தாங்கிதான், ஆனால் தாங்குவதற்கு விமானம் இல்லை; அதன் விமானங்கள் சீனக்குடாவில் தரையில் விடப்பட்டிருந்தன. மட்டக்களப்புக் கடலில் ஜப்பானியர் அதைக் கண்டார்கள். உதவி கேட்டு ஹெர்மிஸ் செய்தி அனுப்பியது. சீனக்குடாவிலிருந்து மட்டக்களப்பு ஏறத்தாழ 107 கிலோமீற்றர். ஹரிகேனுக்குக் கால் மணி நேரத் தூரம். ஆனால் சீனக்குடா காலையில் வாங்கிய அடியிலிருந்து எழும்பவில்லை. இரத்மலானையிலிருந்து 220 கிலோமீற்றர். அங்கிருந்து புறப்பட்ட ஃபுல்மார் விமானங்கள் போய்ச் சேர்ந்தபோது கப்பல் கடலுக்கு அடியில். 307 பேர் இறந்தார்கள். பக்கத்தில் வந்த வீட்டா என்ற மருத்துவக் கப்பல் அறுநூறு பேர் வரை காப்பாற்றியது. ஹெர்மிஸ் இன்றும் மட்டக்களப்புக்கு அப்பால் கடலடியில் கிடக்கிறது; நீர்மூழ்கிப் பார்க்கப் போகிறார்கள்.

யுத்தம் முடிந்தபின் கதை சாதுவாகிறது. 1947 டிசம்பர் 10ஆம் தேதி எயார் சிலோனின் முதல் பயணம். டக்கோட்டா விமானம் ஒன்று இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை போய், அங்கிருந்து மதராஸ் போனது. காங்கேசன்துறை என்று அன்று அழைத்தது பலாலியைத்தான். சுதந்திரத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது; அதற்குள் இந்த நாட்டின் சொந்த விமானம் முதன்முதலில் போன இடங்கள் யாழ்ப்பாணமும் மதராஸும். இந்தப் பாதையை மனதில் வைத்திருங்கள், திரும்பத் தேவைப்படும். சீனக்குடாத் தளமும் துறைமுகமும் 1957இல் பிரித்தானியரிடமிருந்து கைமாறின. 1978இல் எயார் சிலோன் ஓய்ந்தது. அதற்குப் பிறகு வந்த எயார் லங்கா வெளிநாட்டைப் பார்த்தது. உள்நாட்டு வானம் மெல்ல மெல்லப் படையினரின் வானமாகியது.

அடுத்து வந்த காலத்தை இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் என்னைவிட நன்றாக அறிவார்கள். சீனக்குடாவுக்கும் பலாலிக்கும் நேர்கோட்டில் 185 கிலோமீற்றர். கொழும்பைவிடக் கிட்ட. சிறிய விமானத்துக்கு நாற்பது நிமிடம் போதும். 2006 ஆகஸ்டில் முகமாலையில் ஏ-9 பாதை மூடப்பட்ட பிறகு, யாழ்ப்பாணச் சனம் வெளியே வர இருந்த வழிகளில் ஒன்று கப்பல். அந்தக் கப்பல் வந்து சேர்ந்த இடம் நமது துறைமுகம். இரவு முழுக்கக் கடலில் வந்து, இங்கே இறங்கி, சோதனை முடித்து, கொழும்பு பஸ் ஏறுவார்கள். ஆனால் அந்தப் பயணத்தில் கடலில் கழிந்த இரவு சின்னப் பங்கு. கிளியரன்ஸ் எடுக்கவேண்டும். கிராம அலுவலர் கடிதம், படை முகாம், வரிசை, திரும்பவும் வரிசை. கல்யாணத்துக்குப் போகவேண்டியவர் கல்யாணம் முடிந்தபின் கிளியரன்ஸ் கிடைத்துச் செத்தவீட்டுக்குப் போனதாக ஒரு பகிடி அந்தக் காலத்தில் உலாவியது. அந்த 185 கிலோமீற்றரின் பயண நேரம் என்ன என்று கேட்டால், வாரக்கணக்கு என்றுதான் எழுதவேண்டும்.

வானத்தால் போகமுடிந்தவர்களுக்கும் அது சும்மா கிடைத்த வசதி இல்லை. 1998 செப்டெம்பர் 29ஆம் தேதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் அன்ரனோவ் விமானம் இரணைதீவுப் பக்கக் கடலின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது. 55 பேர். ஒரு மணி நேரப் பயணம். இதற்கு மேல் இந்த இடத்தில் பேச எனக்கு விருப்பமில்லை.

அதே காலத்தில் மணிக்கூடும் நம்மோடு விளையாடியது. 1996 மே மாதம், மின்சாரத் தட்டுப்பாடு என்று சொல்லி நாட்டின் நேரத்தை ஒரு மணி முன்னே தள்ளினார்கள். ஒக்டோபரில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தார்கள். மிச்ச அரை மணி 2006 ஏப்ரல் வரை அப்படியே நின்றது. இந்தியா அசையவில்லை. ஆகவே அந்தப் பத்து வருடமும் கொழும்பிலிருந்து சென்னைக்கு எண்பது நிமிடம் பறந்தால், டிக்கட்டில் ஐம்பது நிமிடப் பயணம். திரும்பி வந்தால் நூற்றிப்பத்து நிமிடம். விமானிகளுக்கு இதில் குழப்பம் இல்லை. அவர்கள் கிறீனிச் நேரத்தில்தான் வேலை செய்கிறார்கள். குழப்பம் தரையில் இருந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்திலேயே நின்றன. சோதனைச் சாவடியைத் தாண்டினால் மணிக்கூட்டை மாற்றவேண்டும். "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று கேட்காமல் அந்தக் காலத்தில் யாரும் கல்யாண முகூர்த்தம் சொல்லவில்லை. சம்பூர்ப் பக்கமிருந்து மூதூருக்கு வந்து, அங்கிருந்து லாஞ்ச் பிடித்து நகருக்கு வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். இந்தக் கொட்டியாரக் குடாவின் இரண்டு கரையிலும் இரண்டு நேரம் இருந்தது.

மூதூர் என்றதும் கிண்ணியாவும் ஞாபகம் வருகிறது. கிண்ணியாவிலிருந்து நகருக்கு எத்தனை கிலோமீற்றர்? சின்னத் தூரம். 2009 ஒக்டோபரில் பாலம் திறக்கும்வரை பாதை என்று நாம் சொல்லும் படகுக்காகக் காத்திருந்தவர்கள் அதைத் தூரமாக எண்ணவில்லை; பாதை அக்கரையில் நிற்கிறதா, இக்கரையில் நிற்கிறதா என்று எண்ணினார்கள். அந்தப் பாலம் 396 மீற்றர். சீனக்குடாவின் ஓடுபாதையில் ஆறில் ஒரு பங்கு நீளம். நோயாளியைக் கொண்டு ஓடியவர்களுக்கு அந்த 396 மீற்றர் எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தியது என்பதை எந்த விமான நிலையமும் எட்டிப் பிடிக்காது. விமானத்தைப் பற்றிப் பேச வந்து பாலத்தைப் புகழ்வது முறையில்லைதான். ஆனால் எனக்குப் பாலம் முதல், விமானம் பிறகு என்ற வரிசையில்தான் பெறுமதி.

இனி சென்னை.

சீனக்குடாவிலிருந்து சென்னை விமான நிலையம் 505 கிலோமீற்றர். நேரடி விமானம் இருந்தால், நான் சொன்ன அரை மணியையும் சேர்த்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். இப்போது நாம் எப்படிப் போகிறோம்? முதலில் தென்மேற்காகக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு. நேர்கோட்டில் 207 கிலோமீற்றர். வீதியில் 250ஐ நெருங்கும். இரவு வான் பிடித்து ஐந்தாறு மணித்தியாலம். மூன்று மணித்தியாலம் முன்னதாக நிற்கவேண்டும். பிறகு வடக்கே சென்னைக்கு 643 கிலோமீற்றர். இதிலே ஒரு வேடிக்கை: கட்டுநாயக்கவில் எழும்பிய விமானம் கால் மணி நேரம் அளவில் திருகோணமலையின் அகலக்கோட்டைத் தாண்டுகிறது. முதல்நாள் இரவு விட்டுப் புறப்பட்ட இடத்துக்கு நேர் மேற்கே. 505 கிலோமீற்றருக்குப் பதிலாக 850. ஒன்றரை மணிக்குப் பதிலாக ஒரு முழு இரவும் அடுத்த நாள் காலையும்.

இந்தக் கஷ்டத்தை அதிகமாகப் பட்டவர்கள் யார் தெரியுமா? அகதிகளாகத் தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து ஊர் திரும்பிய நம் மாவட்டத்துச் சனம். போகும்போது படகில் இராமேஸ்வரப் பக்கம் போனவர்கள். திரும்பும்போது ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு விமானத்தில் கட்டுநாயக்கவில் இறங்கி, மூட்டை முடிச்சோடும், ஊரையே பார்த்திராத பிள்ளைகளோடும் இரவு பஸ்ஸில் திருகோணமலை வந்தார்கள்.

2023 ஜூலையில் இந்தியாவும் இலங்கையும் வெளியிட்ட கூட்டு ஆவணத்தில் சென்னைக்கும் திருகோணமலை, மட்டக்களப்புக்கும் இடையே விமானத் தொடர்பை ஆராய்வது என்று ஒரு வரி இருக்கிறது. ஆராய்வது! அரசாங்கத்தின் இந்தச் சொல்லை நாம் எல்லோரும் அறிவோம். அதற்காகச் சிரித்துவிட்டுப் போகவும் நான் தயாரில்லை, ஏனென்றால் பலாலி நடந்திருக்கிறது. 2019 ஒக்டோபர் 17இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று திறந்தார்கள். நவம்பரில் அலையன்ஸ் எயார் சென்னையிலிருந்து வரத் தொடங்கியது. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்றது. 2022 டிசம்பரில் திரும்பியது. 2024 செப்டெம்பரில் இண்டிகோ சேர்ந்தது. 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும் விட்டார்கள். அந்தத் திருச்சிப் பாதையை அளந்து பாருங்கள். பலாலியிலிருந்து திருச்சி 184 கிலோமீற்றர். பலாலியிலிருந்து சீனக்குடா 185. யாழ்ப்பாணத்தான் ஒருவனுக்குத் திருச்சியும் திருகோணமலையும் ஒரே தூரம். ஒன்று வேறு நாடு.

"நமக்குத்தான் பலாலியைவிடப் பெரிய ஓடுபாதை இருக்கிறதே, விமானம் விட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், சீனக்குடாவின் ஓடுபாதை 2,400 மீற்றருக்குக் கிட்ட வருகிறது. இரத்மலானை ஓடுபாதை 1,800 மீற்றர் சொச்சம். சீனக்குடாவுக்குப் பக்கத்திலேயே புகையிரத நிலையம், கண்டி வீதி, எண்ணெய்த் தாங்கிகள், துறைமுகம். இப்படி எல்லாம் ஒரே இடத்தில் கூடிய விமான நிலையம் தெற்காசியாவில் அதிகம் இராது. ஆனால் சர்வதேச விமானத்துக்குத் தேவை ஓடுபாதை மட்டுமல்ல. குடிவரவு, சுங்கம், சுகாதாரச் சோதனை, தீயணைப்பு, பயணிகள் மண்டபம், நாள்முழுக்கச் சம்பளத்துக்கு நிற்கும் அலுவலர்கள். அதோடு இது விமானப்படையின் தளம். அவர்களின் பயிற்சிக் கல்லூரியும் இங்கேதான்.

பயணிகள் எங்கே என்பது அதைவிடக் கஷ்டமான கேள்வி. எழுபது ஆசன விமானம் வாரம் இரண்டு தடவை வந்துபோனால், இரண்டு பக்கமும் சேர்த்து வாரத்துக்கு 280 ஆசனம், வருடத்துக்கு 14,560. நூற்றுக்கு எழுபது நிரம்பினால்தான் நட்டமில்லை என்று வைத்தால், பத்தாயிரம் பேர் வேண்டும். சித்திரையிலிருந்து புரட்டாதி வரை கடல் அமைதி. நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் வெள்ளைக்காரரும் கொழும்புக்காரரும் வருவார்கள். திமிங்கிலம் பார்க்க வருவார்கள். வாடைக் காற்று தொடங்கி மழை கொட்டும் மாதங்களில்? அப்போது விமானத்தை நிரப்பவேண்டியவர்கள் நாமும் தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களும்தான். வைத்தியத்துக்குப் போகிறவர்கள், படிக்கப் போகிறவர்கள், முகாம்களில் இன்னும் உறவுகளை வைத்திருப்பவர்கள், கோணேசர் கோயிலுக்கு வருகிறவர்கள். ஞானசம்பந்தர் இராமேஸ்வரத்தில் நின்றுகொண்டே கோணமாமலையைப் பாடினார் என்பது மரபு. அவருக்கு ஓடுபாதை தேவைப்படவில்லை. மற்ற அடியார்களுக்குத் தேவைப்படுகிறது.

பத்தாயிரம் என்பது முடியாத தொகை இல்லை. ஆனால் உறுதியான தொகையும் இல்லை. இதனால்தான் 1947இன் பாதையை மனதில் வைத்திருங்கள் என்றேன். இரத்மலானை, பலாலி, மதராஸ் என்று அன்று டக்கோட்டா போனது. இன்று சீனக்குடா, பலாலி, சென்னை என்று போனால் என்ன? 185ஐயும் 354ஐயும் கூட்டினால் 539. நேரடிப் பாதை 505. பலாலியில் இறங்கிப் போவதால் கூடும் தூரம் 34 கிலோமீற்றர்தான்; பறப்பில் ஐந்து நிமிடம்கூட இல்லை. குடிவரவும் சுங்கமும் பலாலியில் ஏற்கெனவே இருக்கின்றன. சீனக்குடாவுக்கு ஓர் உள்நாட்டு மண்டபம் போதும். ஒரே விமானத்தில் இரண்டு ஊர்ப் பயணிகள் ஏறுவதால் ஆசனமும் நிரம்பும். நட்டம் எங்கே என்றால் நேரத்தில்: பலாலியில் இறங்கி, சோதனை முடித்து, ஏறுவதற்கு ஒரு மணி நேரம் வைக்கவேண்டும். இறங்கி எழும்பும் ஒவ்வொரு தடவையும் எரிபொருளும் கட்டணமும் கூடும் என்பதும் உண்மை. அப்படியும் காலையில் தம்பலகாமத்தில் சாப்பிட்டவர் மத்தியானம் சென்னையில் இருப்பார். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று நமது இரண்டு நகரங்களுக்கிடையே உள்ளூர்ப் பயணிகளை ஏற்றலாமா என்பது அரசாங்கங்கள் பேசித் தீர்க்கவேண்டிய விஷயம். ஏற்றக்கூடாது என்றாலும் சீனக்குடாவில் ஏறிச் சென்னைக்குப் போகிறவரை ஏற்றலாம்.

இதைக் கேட்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாது. நமது மாவட்டத்திலிருந்து வருடத்துக்கு எத்தனை பேர் இந்தியா போகிறார்கள், எந்த மாதத்தில், எதற்காக என்ற கணக்கை வர்த்தக சங்கங்களும் கோயில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் பயண முகவர்களும் சேர்ந்து ஒரு வருடம் எழுதி வைத்தால் போதும். அது ஏழாயிரம் என்று வந்தால், கோடைகால விமானம் மட்டும் கேட்போம். பன்னிரண்டாயிரம் என்று வந்தால் வருடம் முழுக்கக் கேட்போம். மூவாயிரம் என்று வந்தால், வீதியையும் புகையிரதத்தையும் திருத்தச் சொல்லிக் கேட்பதுதான் நியாயம். விமானத்தை ஐந்து வருடம் கழித்துப் பார்க்கலாம்.